கல் என்றுதான் சொன்னோம்

என் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்ததே இல்லை. ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் யாரைக் கேட்டாலும் அவருக்குக் கல் ஆபரேஷன் நடந்ததாகத்தான் இன்றைக்கும் சொல்வார்கள். எவ்வளவு பெரிய கல் என்று சிலர் விரலை மடக்கிக் காட்டவும் செய்வார்கள். அந்தக் கல்லை உண்டாக்கியவர்கள் அப்பா, அம்மா, நான் என்று நாங்கள் மூன்று பேர்.

நான் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கோயமுத்தூர் கணபதியில் அவருக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். நாள் முழுக்க இரும்போடு நிற்கிறவருக்கு உடம்பில் எது வந்தாலும் காரணம் சூடுதான். அதனால் இரண்டு வாரம் மோரும் இளநீருமாகக் குடித்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் பாத்ரூம் தரை சிவந்து கிடந்ததை அம்மா பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கட்டி, புற்று. அடுத்த வாரமே அந்தச் சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் டாக்டர் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே பரவவில்லை, இப்போதைக்கு வேறு மருந்து எதுவும் வேண்டாம் என்றார். ஆனால் இது சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வருகிற ரகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். சில வருஷம் கழித்துக்கூட வரலாம். உடம்பில் எங்கே புதிதாக எது முளைத்தாலும் முதலில் அவரிடம் காட்ட வேண்டும். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வார்டுக்குத் திரும்பி வந்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் சொன்னது இதுதான்.

"ஏனுங்க, யாராச்சும் கேட்டா கல்லுன்னு சொல்லிப்போடலாங்க. புள்ளைக்கு இருபத்தொண்ணு ஆகுது."

அதற்கு மேல் விளக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் தேவைப்படாது. பெண் எடுக்க வருகிறவர்கள் ஜாதகத்தை ஒருமுறை பார்ப்பார்கள், குடும்பத்தைப் பத்து முறை விசாரிப்பார்கள். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதில் தொடங்கி, அந்த வீட்டில் யாருக்கு என்ன சீக்கு என்பது வரைக்கும் தோண்டுவார்கள். அப்பனுக்குப் புற்று என்றால் அது மகளுக்கும் வரும், நாளைக்குப் பேரனுக்கும் வரும் என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிட்டு, காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். "பொருத்தம் கூடி வரலீங்க" என்று மரியாதையாக ஒரு போன் வரும். அப்பா இடுப்பில் செருகிய குழாயோடு படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கல்லுன்னே இருக்கட்டும்" என்றார். அந்த வயதில் எனக்கு வாய் இல்லாமல் இல்லை. சினிமாவுக்குப் போகக் கூடாது என்றால் வீட்டை இரண்டாக்குவேன். இதற்கு மட்டும் பேசாமல் நின்றேன்.

கல் என்பது எங்கள் பக்கத்தில் கௌரவமான வியாதி. போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் வீட்டுக்கு ஒருவருக்காவது அது உண்டு. உறவுக்காரர்களை நாங்கள் ஒறம்பரை என்போம். பார்க்க வந்த ஒறம்பரை ஒவ்வொருவரும் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் இவற்றோடு சொந்தமாக ஒரு கல் கதையும் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாழைத்தண்டு வர ஆரம்பித்தது. தோட்டம் வைத்திருக்கிறவர்கள் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். கொடுத்தவர் பார்க்க வரும்போது அம்மா அவர் எதிரிலேயே சாறு பிழிந்து டம்ளரில் நீட்டுவாள். இருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தோடு, இல்லாத கல்லைக் கரைப்பதற்காக அப்பா அதை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "நெம்பக் கேக்குதுங்க, இப்பெல்லாம் வலியே இல்லீங்க" என்பார். வந்தவர் தன் வைத்தியம் பலித்த சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தண்டு தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம். ஆமாம், சிரித்தோம். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஸ்கேனைக் கோயமுத்தூரில் எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. எந்த சென்டரில் போய் உட்கார்ந்தாலும் எதிர் நாற்காலியில் ஒரு ஒறம்பரை உட்கார்ந்திருக்கும் என்றாள். அது உண்மைதான். அதனால் ஈரோட்டுக்குப் போனோம். ஜவுளி எடுக்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் காலையில் ரயில் ஏறுவோம். சொன்னதை மெய்யாக்க வேண்டுமே, ஒவ்வொரு முறையும் படுக்கை விரிப்போ துண்டோ வாங்கிவருவோம். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்தால் அம்மா இரண்டு விரிப்பு கூடுதலாக வாங்குவாள். இரண்டு வருஷத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதும் என்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் விரிப்பு சேர்ந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஈரோட்டுப் பயணம் ஒருமுறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது. யார் வீட்டிலிருந்து எப்போது வருவார்களோ, அந்த நேரம் பார்த்து ஸ்கேன் படத்தோடு எதிரே போய் நிற்பதா என்று அம்மாவுக்குப் பயம். "கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்பறம் நிம்மதியாப் போயி எடுத்துக்கலாம்" என்றார் அப்பா. வியாதியிடம் வாய்தா வாங்கிவிட்டவர் மாதிரி அவ்வளவு தைரியமாகச் சொன்னார்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை கோயமுத்தூரில் ஒரு கம்பெனிக்குத் தினம் போய்வருகிற இன்ஜினியர். அவருடைய அம்மா முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் "கண்ணு" என்று கூப்பிட்டார். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷி. அவரைத்தான் நான் இனி அத்தை என்று எழுதப்போகிறேன். இரண்டு மாதத்தில் நிச்சயதார்த்தம் முடிந்தது. யாரும் அப்பாவின் ஆபரேஷனைப் பற்றித் துருவிக் கேட்கவில்லை. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மாவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், முடிக்கு நடுவில், மிளகு அளவில் சிவப்பாக ஒன்று. தொட்டால் வலிக்கவில்லை. "இரும்புத்தூள் தெறிச்சிருக்கும்" என்றார் அப்பா. பத்தே நாளில் அது சுண்டைக்காய் அளவாகிவிட்டது. சீப்பு பட்டால் ரத்தம் வந்தது, வந்தால் நிற்க வெகுநேரம் பிடித்தது. உடம்பில் எது முளைத்தாலும் என்னிடம் வாருங்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"வாயக் கழுவு. கிட்னி எங்க இருக்குது, தலை எங்க இருக்குது?" என்றாள்.

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து கூடத்தில் அடுக்கியிருக்கிற வீட்டில் எது நியாயமாகப் பட வேண்டுமோ அதுதான் படும்.

கூறைச்சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து போவது வழக்கம். நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பாயில் உட்கார்ந்து சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அப்பா குனிந்து ஒரு சேலையின் கரையைப் பார்த்தபோது தலையிலிருந்து ரத்தம் காதுக்குப் பின்னால் இறங்கி வெள்ளைச் சட்டைக் காலரை நனைத்தது. முதலில் பார்த்தவர் அத்தை.

"சம்பந்தி, ரத்தமுங்க!"

"ஒண்ணுமில்லீங்க, பட்டறையில அடிபட்டதுங்க" என்று அப்பா கைக்குட்டையால் அழுத்திக்கொண்டார். கைக்குட்டையும் நனைந்தது.

"கல்யாணத்த வெச்சுக்கிட்டு இப்படி விடக்கூடாதுங்க. ரெண்டு தெரு தள்ளி எனக்குத் தெரிஞ்ச தோல் டாக்டர் இருக்கறாருங்க. ஒரு எட்டுப் போயிக் காட்டிப்போட்டு வந்தரலாம்" என்று அத்தை எழுந்தே விட்டார். அம்மாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க, அவளால் எழ முடியாது. என் கையைப் பிடித்து அழுத்தி, "நீ கூடப் போ" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

டாக்டர் இளைஞர், பொறுமையானவர். லென்ஸ் வைத்துக் கட்டியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கேட்டார். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா. அப்பா இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் அத்தை மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருஷம் ஆச்சுங்க டாக்டர். கிட்னியில கல்லு. எடுத்துட்டாங்க. இப்ப ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்றேன்.

எந்தப் பரீட்சையிலும் நான் இவ்வளவு தடுமாறாமல் பதில் சொன்னதில்லை. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் என்ன செய்திருக்கலாம் என்று பின்னால் பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறேன். அத்தையைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாம். கர்ச்சீப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து டாக்டரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். மருந்துச் சீட்டில் அவருடைய போன் நம்பர் இருந்தது, சாயங்காலம் கூப்பிட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. கடைக்குத் திரும்பிப் போய் அரக்கு நிறத்தில் கூறைச்சேலை எடுத்துக்கொண்டேன்.

அடிபட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் முடிச்சுப் போட்ட மாதிரி சிலருக்கு இப்படி வளரும், பயப்பட ஒன்றுமில்லை, சுட்டுவிட்டால் போய்விடும் என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு அங்கேயே சுட்டுவிட்டார். அறை முழுக்கக் கருகிய வாடை. அப்பா வெளியே வந்து, "வெல்டிங் வெக்கற மாதிரி வெச்சுப்போட்டாரு" என்று சிரித்தார். அத்தையும் சிரித்தார். நானும்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பிளாஸ்திரி தெரியாமல் இருக்க அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். மாப்பிள்ளையைவிட மாமனார் மிடுக்காக இருக்கிறார் என்று கேலி பேசினார்கள்.

தலைதீபாவளிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அது திரும்பி வந்திருந்தது. இந்த முறை நாவல்பழம் அளவில், அதே நிறத்தில். மார்பில் இன்னொன்று தோலுக்கு அடியில் உருண்டையாகத் தென்பட்டது. எனக்குத் தெரியாமல் அம்மா என்னென்னவோ செய்துவிட்டிருந்தாள். அக்கி என்று யாரோ சொன்னதை நம்பி, காவியைக் கரைத்து அப்பாவின் தலையிலும் மார்பிலும் மூன்று நாள் எழுத வைத்திருக்கிறாள். "கண்ணு பட்டுப்போச்சு. ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வரலாம். எவ கண்ணு வெச்சாளோ அவளை ஆத்தா பாத்துக்குவா" என்றாள். அங்கே மிளகாய் அரைத்துப் பூசினால் நமக்குத் தீங்கு செய்தவருக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை.

"அரைச்சா உனக்கும் எனக்கும்தான் எரியும்" என்றேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையோடு அழுதாள்.

அடுத்த நாள் அப்பாவை அவருடைய பழைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார், மார்பைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக ஏன் வரவில்லை என்று கேட்டார். பிறகு, "இதைச் சுட்டது யாரு? நான் எதுக்காக இவருக்குக் கிட்னியை எடுத்தேன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எடுத்துப் போட்ட அதே சிறுநீரகத்தின் புற்று தோலில் முளைத்திருக்கிறது என்று வந்தது. ரத்தத்தோடு போய் இப்படித் தோலில் உட்காருவது அபூர்வம் என்றார் டாக்டர். உட்கார்ந்தால் பெரும்பாலும் தலையில் உட்காரும். பார்வைக்குச் சாதாரண ரத்தக்கட்டி மாதிரியே இருக்கும், தொட்டால் வடியும். முந்தின கதை தெரிந்திருந்தால் மட்டுமே ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வரும். அடுத்து எடுத்த ஸ்கேனில் நுரையீரலிலும் இடுப்பெலும்பிலும் இருந்தது.

அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய்க் கேட்டேன். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?"

"அந்த மூணு மாசத்துல பெருசா மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "மாறியிருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றார்.

இரண்டாவதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது.

மாத்திரை கொடுத்தார்கள். அதன் பக்கவிளைவில் ஒரு மாதத்துக்குள் உள்ளங்காலும் உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்தன. அப்பாவால் பட்டறையில் நிற்க முடியவில்லை, டம்ளரைப் பிடிக்கக்கூட முடியவில்லை. மை பூசாமலே கறுப்பாக இருக்கிறது என்று அவர் பீற்றிக்கொண்ட மீசை முழுசாக வெளுத்தது. தலைக்கட்டி சுருங்குவது போலச் சுருங்கி மறுபடியும் பெருத்தது. எப்போதும் கசிந்துகொண்டே இருந்ததால் தலையணை மேல் ஈரோட்டு விரிப்புகளை மடித்துப் போட்டோம். தினம் ஒன்று நனைந்தது. வீட்டில் குவிந்திருந்த விரிப்பெல்லாம் அப்போதுதான் செலவானது.

இவ்வளவுக்குப் பிறகாவது உண்மையைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். இல்லை. கல் போய்த் தோல் சீக்கு வந்தது. "உனக்குக் கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகுல. இப்பத் தெரிஞ்சா ஏமாத்திப்போட்டாங்கன்னு சொல்லுவாங்க கண்ணு. நீ அந்த ஊட்டுல வாழோணும்" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். என் கணவரிடம்கூடத் தோல் சீக்கு என்றே சொன்னேன். அவரும் அப்படியா என்று கேட்டுக்கொண்டார். அத்தை வாரம் தவறாமல் பார்க்க வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தோல் சீக்கு ஆற நாளாகுமுங்க, வெசனப்படாதீங்க" என்பார். "ஆமாங்க, நாளாகுமுங்க" என்பார் அப்பா. அம்மா காப்பி கொண்டுவருவாள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கும்.

மாசி மாதம் அப்பா எழுந்து நடப்பது நின்றுபோனது. அவரோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இனி எந்தப் பொய்யும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் காலையில் சமையலறையில் அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றேன்.

"அத்தை, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லு கண்ணு."

எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீரகத்தை எடுத்தது, எதற்கு எடுத்தது, கல் என்று ஊரெல்லாம் சொன்னது, ஈரோடு, இப்போது தோலில் வந்திருப்பதும் அதுதான் என்பது. வீட்டை விட்டுப் போ என்று சொன்னாலும் போய்விடத் தயாராகத்தான் நின்றேன். அத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் கண்ணு" என்றார்.

"எதுங்க அத்தை?" என்றேன்.

"நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும். பொண்ணெடுக்கறோம், விசாரிக்காம இருப்பமா? அந்த ஆஸ்பத்திரியில எங்கண்ணன் மருமக வேலைக்கு இருந்தா. அவ எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. உம் புருசனையும் உக்கார வெச்சுச் சொன்னோம். மனுசனுக்குச் சீக்கு வராதா, வந்து சரியாயிருச்சல்ல, எனக்குப் புள்ளையப் புடிச்சிருக்குதுன்னு சொன்னான். எங்களுக்கும் சரின்னுதான் பட்டுது."

மேடையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அன்னைக்குத் தோல் டாக்டர்கிட்ட நான் கல்லுன்னு சொன்னப்போ நீங்களும் அங்கதானுங்களே இருந்தீங்க?"

அத்தை இப்போது கத்தியைக் கீழே வைத்தார்.

"இருந்தேன். நீங்களே மறைக்கறப்ப நான் எப்படி கண்ணு எடுத்துச் சொல்றது? இவங்களுக்கு எல்லாம் தெரியுமாட்ட இருக்குதேன்னு உங்கப்பா கூசிப்போயிருவாரு. சம்பந்தி மொகம் வாடிரக் கூடாதேன்னு பேசாம இருந்துபோட்டேன். தலையில வந்த கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?" சொல்லிக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார். அவர் நல்லவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சின்ன அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேருக்கு உண்மை தெரியும். தெரியாதவர் டாக்டர் ஒருவர்தான்.

எங்கள் ஊர் மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சும்போதெல்லாம் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாய் நிறைய ங்க போட்டுப் பேசுகிறோம். யார் மனமும் நோகக் கூடாது, யார் முகமும் வாடக் கூடாது. நாங்கள் மறைத்தது எங்கள் மானத்துக்காக, அவர்கள் மறைத்தது எங்கள் மானத்துக்காக. யாராவது ஒருவர் கொஞ்சம் மட்டு மரியாதை இல்லாமல் நடந்திருந்தால் போதும். அத்தை அன்றைக்கு, "ஏ புள்ள, டாக்டர்கிட்டப் பொய் சொல்லாத" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் நான் அவமானத்தில் செத்திருப்பேன். அப்பா எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்னவோ. அத்தையை நான் மன்னித்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்காமல் அவரை மட்டும் எப்படி மன்னிப்பது?

அன்றைக்கே அத்தை என் துணிகளை எடுத்துவைத்து என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது ஒரு முடிவோடு வந்தேன். அப்பாவிடம் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம், தெரிந்துதான் பெண் எடுத்தார்களாம், இனி நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். அம்மா வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இளைத்துப்போய்க் கட்டிலில் பாதிதான் இருந்தார். என் சத்தம் கேட்டதும் மெதுவாகத் திரும்பினார். எப்போது வந்தாய், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"திடீர்னு வந்திருக்கறயே கண்ணு. மாமியாரூட்ல தெரிஞ்சுபோச்சா?"

சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு முதலிலேயே தெரியும் என்று சொன்னால், இவர் மூன்று வருஷமாக மறைத்ததெல்லாம் எதற்கு? ஸ்கேனுக்குப் போகாமல் விட்டது எதற்கு? அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாரே, அது எதற்கு? அத்தனையும் வீண் என்று தெரிந்துகொண்டா இந்த மனுஷன் சாக வேண்டும்?

"இல்லீங்கப்பா. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தோல் சீக்குன்னுதான் நெனச்சுட்டு இருக்கறாங்க" என்றேன்.

பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவின் முகம் இளகியது. தோல் உரிந்த கையால் என் கையைத் தொட்டார்.

"அப்பச் சரி" என்றார். "எப்படியோ உன்னையக் கரையேத்திப்போட்டோம்."

"ஆமாங்கப்பா" என்றேன்.